கூழ் வரும்வரை நீ சொன்னது

என் மேசையின் மேல் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. அதனுள் பழுப்பேறிய நுண்மணல். மூடியைத் திறந்தால் அம்மோனியா நெடியோடு கலந்த கருவாட்டு வாடை அறையில் பரவுகிறது. வழக்கறிஞனான என்னைக் காண வரும் கட்சிக்காரர்கள் கைக்குட்டையைத் தேடுகிறார்கள். நான் மூடியைத் திருகிவிட்டு மன்னிப்புக் கேட்கிறேன். காரணத்தைச் சொல்வதில்லை. சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் குரல் உயர்ந்துவிடுகிறது. அது என் தொழிலுக்கு நல்லதல்ல.

இந்த வாடையை முதன்முதலில் நீதான் என் மூக்குக்கு நேரே பிடித்தாய். இராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள டீக்கடையில் நான் முகத்தைச் சுளித்தேன். "இன்னா மாமு, மூஞ்சிய அப்டி வெச்சிக்கினே? இதுக்குப் பேரு அமீனு, ஒரு கெமிக்கலு. மீனுல நாறுறதும் இதே குடும்பந்தான். நம்ம ஏரியாவுல வெச்சா எவனுக்கும் தெரியாது" என்றாய். டீக்கடைக்காரர் உன்னிடமிருந்து குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்து, நெத்திலியா என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே அவருக்கும் விளக்கத் தொடங்கினாய். அப்போதே நான் எச்சரிக்கையாகிவிட்டேன். கையில் புதிய கண்டுபிடிப்பு வைத்திருப்பவன் டீக்கடையில் விளக்கம் சொல்லக் கூடாது.

உன் வேலையை நான் இப்போது சட்டத்தின் மொழியில் பலமுறை எழுதிவிட்டேன். ஆனால் அதை எனக்குப் புரியவைத்தது நீதான். நடுவில் ஒரு மூலக்கூறு. அதிலிருந்து சில கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மேலும் இரண்டு கிளைகள், அவற்றின் நுனிகளில் மேலும் இரண்டு. இப்படி ஒவ்வொரு சுற்றையும் ஒரு தலைமுறை என்பார்கள். சில தலைமுறைகளில் அது தலைமுடியின் தடிப்போடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சின்னஞ்சிறு உருண்டையாகிவிடுகிறது. உருண்டையின் புறமெங்கும் நுனிகள். டென்ட்ரிமர் என்று அதற்குப் பெயர். உள்ளிருக்கும் இடைவெளியில் மருந்தை வைத்து நோயுற்ற செல்லுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள். மரபணுவை ஏற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள். ஸ்கேனில் படம் துலங்குவதற்கும், உலோகத் துகள்களை ஒரே அளவில் வளர்ப்பதற்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். முனைவர் பட்டத்துக்காக நீ மருந்து சுமக்கும் டென்ட்ரிமரைத்தான் செய்தாய். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு முறை சுத்திகரிப்பு, ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் பாதி இழப்பு. "அது பணக்கார வூட்டுப் புள்ள மாமு. நேரா நேரத்துக்குக் குளிப்பாட்டணும். நம்மளுக்கு ஒரே குண்டான்ல தானா வளர்ற புள்ள போதும்" என்று ஒருநாள் சொன்னாய். அதன் பிறகு ஒழுங்கற்ற கிளைகளைக் கொண்ட, ஒரே கொதிகலத்தில் விளையும் மலிவான பாலிமருக்கு மாறினாய். மருந்தைச் சுமப்பதற்கு அது உதவாது. தண்ணீரிலுள்ள ஈயத்தையும் செம்பையும் பிடித்துவைக்க உதவும்.

எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் ஒரு பொது அடிபம்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் இறால் கழுவுகிறார்கள், சமையலும் அதில்தான். நீ வாரந்தோறும் புட்டியோடு போய் அதை மொண்டுகொண்டு வந்தாய். நான் உன்னிடம் எழுத்து மூலமாகவும் வாய்மொழியாகவும் ஒரே அறிவுரையைத்தான் சொன்னேன்: காப்புரிமை விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யும்வரை யாரிடமும் பேசாதே. பொதுவில் வெளியிட்ட எதுவும் சட்டத்தின் கண்ணில் புதியதல்ல.

"உன் சட்டத்துல வாய மூடிக்கினு கீறவனுக்குத்தான் பிரைசா?"

"ஆமாம். கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அவுங்க தண்ணிய நான் மொண்டுக்கினு வரேன். இன்னாத்துக்குன்னு கேட்டா சொல்ல வாணாமா? நான் இன்னா திருடனா?"

"தாக்கல் செய்த பிறகு சொல்" என்றேன். நீ தலையாட்டினாய். ஒப்புக்கொண்டதற்கும் ஒதுக்கிவிட்டதற்கும் உனக்கு ஒரே தலையாட்டல்தான்.

அந்த ஆடியில், குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை, நீ எழுந்து பேசினாய். மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற நீ, வேப்பிலைத் தோரணத்தின் கீழ் நின்றுகொண்டு, கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லாதே என்ற அனைத்தையும் சொன்னாய். யாரோ கைப்பேசியில் எடுத்துக் குப்பத்து இளைஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் அன்றே ஏற்றிவிட்டார்கள். நான் அந்த இடத்தில் இல்லை. மறுநாள் அந்தக் காணொளியை நீயே பெருமையோடு அனுப்பிவைத்தாய். பார்த்துவிட்டு உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

சட்டத்தில் ஒரு சிறு மன்னிப்பு உண்டு. கற்றறிந்தோர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்திருந்தால், குறித்த காலத்துக்குள் விண்ணப்பித்து உரிமையைக் காத்துக்கொள்ளலாம். மீனவர் குப்பத்தின் கூழ்ப்பந்தல் அந்த வரையறைக்குள் வராது. வரும் என்று வாதிட முடியுமா என்று நான் யோசித்துப் பார்த்தேன். முடியாது. உன்னிடம் இதைச் சொன்னபோது, "அவுங்க கேட்ட கேள்விய உன் சங்கத்துல ஒருத்தன் கேட்டிருப்பானா?" என்றாய்.

ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். மாரடைப்பு என்றார்கள். பொங்கலுக்கு முன் ஒரு நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது: சிலிக்கா மணலின் மேல் மிகுந்த கிளைகளுடைய அமீன் பாலிமரைப் பிணைத்து, நீரிலுள்ள கன உலோகங்களைப் பிரிக்கும் பொருளும் முறையும். அவர்கள் உன் காணொளியைப் பார்த்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. சான்று இல்லாத இடத்தில் நான் பேசுவதில்லை. ஒரே எண்ணம் இரண்டு இடங்களில் தோன்றுவதும் உண்டு.

உன் மனைவி ஸ்டெல்லா, பொங்கல் கழிந்ததும், நீ விட்டுச் சென்ற முறைப்படி மணலைச் செய்து, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் நிரப்பி, குப்பத்து அடிபம்போடு இணைத்துவைத்தாள். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறுகளில் இதைச் செய்தாள். விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வந்த பிறகு அந்த நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து அவளுக்குப் பணிவான ஒரு கடிதம் வந்தது. உரிமை வழங்கப்பட்டதும் அவள் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். கடிதத்தோடு தண்டையார்பேட்டையிலிருந்து என் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அண்ணா, நான் நிறுத்தணுமா?"

"இப்போது வேண்டாம்."

"அப்புறம்?"

"எதிர்ப்பு மனு போடலாம். உரிமை வழங்கப்படுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் போடலாம்."

"இன்னான்னு போடறது?"

இது புதியதல்ல, இதற்கு முன்பே ஒருவர் ஊரறியச் சொல்லிவிட்டார் என்று போடலாம் என்றேன். சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வந்தது. உன் உரிமையைக் கெடுத்த அதே பேச்சைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை.

ஆகவே உன் பேச்சை எழுத்தில் பெயர்த்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, உறுதிமொழிப் பத்திரத்தோடு தாக்கல் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கு வைக்கவில்லை. நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடியும் கேட்டேன். ஒலிபெருக்கியில் ஒரு பக்கம் அம்மன் பாட்டு. நீ உன் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறாய்.

"எல்லாரும் கைய விரிங்கோ. இப்ப ஒவ்வொரு விரலு நுனிலயும் இன்னொரு கை மொளைக்குதுன்னு வெச்சிக்கோ. அந்தக் கையில கீற விரலு நுனில இன்னொண்ணு. அப்டியே போய்க்கினே கீது. கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்தக் கடைசி விரலுங்கோ கீதே, அத்தினியும் நண்டு கொடுக்கு. ஈயத்தப் புடிச்சா வுடாது."

அப்போது ஒரு பெண்ணின் குரல். முகம் தெரியவில்லை. இறால் விற்கும் ரோசம்மாள் அது என்று ஸ்டெல்லா பிறகு சொன்னாள்.

"எல்லாம் சரி நைனா. உன் கொடுக்கு தண்ணில கயண்டு வந்து என் இறாலுல பூந்துக்கினா? ஈயத்துக்குப் பதிலா உன்னத் துன்னணுமா நாங்கோ?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரிக்கிறாய். பிறகு உன் முகம் மாறுகிறது. ஆய்வகத்தில் உன்னை அந்த முகத்தோடு பார்த்திருக்கிறேன்.

"அக்கா கேட்டாங்க பாரு. அது கயண்டுச்சின்னா நெசமாவே கெடுதல்தான். சின்ன உசுருக்கெல்லாம் ஆவாது. அதுக்குத்தான் கைய மணல்ல நட்டுவெச்சிக்கிறேன். மணல ஆசிட்ல கழுவி, காய வெச்சி, சைலேன்னு ஒரு சாமான் கீது, அதுல போட்டுக் காச்சணும். அது ஒரு பக்கம் மணலப் புடிச்சிக்கும். இன்னொரு பக்கம் எபாக்ஸின்னு ஒரு கொக்கி. அந்தக் கொக்கில இந்தக் கை மாட்டிக்கும்."

ரோசம்மாள் கேட்டிராவிட்டால் நீ இதைச் சொல்லியிருக்க மாட்டாய். வழக்கின் முதல் பாதி முழுவதும் அவளுடைய அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மரியாதையான மனிதர். உன் பேச்சைக் கூழ் ஊற்றும் இடத்தில் நடந்த வேடிக்கைப் பேச்சு என்றார். துறையில் தேர்ந்த ஒருவர் அதைக் கேட்டுத் தாமே செய்துபார்க்கும் அளவுக்கு அதில் தெளிவில்லை என்றார். கொடுக்கு, கொக்கி, கை என்பவை அறிவியல் சொற்களா என்று புன்னகையோடு கேட்டார். கொச்சை என்ற சொல்லை இருமுறை பயன்படுத்தினார். நானும் அந்தத் தெருக்களில் பிறந்தவன். கல்லூரிக்குப் போனபோது அந்தப் பேச்சைக் கழற்றி வைத்தவன். நீ வைக்கவில்லை. முனைவரான பிறகும் மைக்கில் அப்படித்தான் பேசினாய்.

வேதியியல் பேராசிரியை ஒருவரிடம் காணொளியைத் தவிர வேறெதுவும் தராமல், அதைக் கேட்டு மணலைச் செய்யுமாறு முன்பே வேண்டியிருந்தேன். அவர் செய்தார். மணல் ஈயத்தைப் பிடித்தது. அவருடைய உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்துவைத்து, "பேச்சு கொச்சையாக இருக்கலாம் ஐயா, அதைக் கேட்டுச் செய்த மணல் ஒழுங்காக வேலை செய்கிறது" என்றேன். விசாரித்த அலுவலர் குறிப்பெடுத்துக்கொண்டார். உன்னைப் பற்றி எனக்குக் கர்வம் வந்தது அந்த ஒரு கணத்தில் மட்டும்தான்.

பிறகு அவர்கள் கோரிக்கையைச் சுருக்கினார்கள். மணலில் பிணைப்பதை விட்டுவிட்டார்கள். மணலை மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழிக்கு மட்டும் உரிமை கேட்டார்கள். நீர்த்த அமிலத்தில் கழுவினால் கிளைகள் பிடித்த ஈயத்தை விட்டுவிடும், அது பழைய செய்தி. ஆனால் கழுவக் கழுவக் கிளைகளும் மணலைவிட்டுப் பெயர்ந்துவிடும். பெயராமலிருக்க அண்டைக் கிளைகளின் நுனிகளை ஒன்றோடொன்று கோத்துவிடுவது என்பதுதான் புதிய கோரிக்கை. அது உன் வழி. ஸ்டெல்லா பீப்பாயில் செய்வதும் அதுதான். ஆனால் அவள் பீப்பாயை வைத்தது அவர்கள் விண்ணப்பித்த பிறகு. அதற்கு முன் நீ ஊரறியச் சொன்னாயா என்பது மட்டுமே கேள்வி.

காணொளியின் கடைசிப் பகுதி இப்படி இருக்கிறது. ஒருவர் இதை எத்தனை தபா கழுவலாம் என்று கேட்கிறார். நீ சொல்கிறாய்: "கழுவலாம். ஆனா கழுவக் கழுவ கை பேத்துக்கினு வரும். அதுக்கும் ஒரு வேலை பண்ணிக்கிறேன். இன்னான்னா..." அப்போது பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள்: "கூழு ஊத்துறாங்கோ!" பந்தலே எழுந்திருக்கிறது. தூக்குவாளிகளின் சத்தம். அந்தக் குப்பத்தில் கூழ் வெளியே வந்த பிறகு யாரையும் உட்காரவைத்துப் பேசுவது வழக்கமில்லை. அம்மனுக்கு முன்னால் மற்ற பேச்சு எதற்கு என்பார்கள். நீ மைக்கில் சொல்கிறாய்: "வந்துட்சா? அப்ப மீதி அப்பாலிக்கா. சூடா துன்னுங்கோ மொதல்ல." காணொளி முடிந்துவிடுகிறது.

உன் வாழ்நாள் முழுவதும் நான் உன்னை வாயை மூடு என்றேன். இப்போது, நீ இன்னும் ஒரு நிமிடம் வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று இந்த மேசையைத் தட்டிக்கொண்டு கேட்கிறேன். கூழ் ஆறிவிடுமா? ஆறினால் என்ன? அதன் பிறகு ஐப்பசி வரை உனக்கு நாள் இருந்தது. எங்கேயாவது ஒரு மேடையில், ஒரு சுவரொட்டியில், டீக்கடையில் ஒருவர் படம் பிடிக்கும்போது, அந்த மீதியைச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாத இடத்திலெல்லாம் சொன்ன உனக்கு, சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் எப்படி விட்டுப்போனது?

காணொளி அணைவதற்குச் சற்று முன், நீ மைக்கை வைத்துவிட்டு ரோசம்மாளின் பக்கத்தில் உட்காரப் போவது தெரிகிறது. சாப்பிடும்போது சொல்லியிருப்பாய் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது. ரகசியம் காக்கும் கடமை இல்லாத ஒருவரிடம் சொன்னாலும் சட்டத்துக்கு அது பொதுவில் சொன்னதுதான். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறி எண்ணூரில் இறங்கி அவளைத் தேடிப் போனேன். இறால் கூடையை மூடிவைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

"ஆமா நைனா, என் பக்கத்துலதான் குந்திக்கினு துன்னாரு. கருவாட்டுக் கொயம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாரு."

"அந்த மணலைப் பற்றி ஏதாவது சொன்னாரா? கை பெயராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று?"

அவள் வெகுநேரம் யோசித்தாள். மனப்பூர்வமாகத் தேடினாள் என்பதை நான் பார்த்தேன்.

"இன்னாவோ பேசிக்கினுதான் இருந்தாரு. சத்தத்துல காதுல வுழல. நெனப்பு இல்ல நைனா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சரி, இன்னா சொல்லணும் சொல்லு. அப்டியே சொல்லிட்டு கைநாட்டு வெச்சிட்றேன். அவரு எங்குளுக்காவத்தானே செஞ்சாரு."

ஒரு வாக்கியம் போதும். கிளைகளின் நுனிகளைக் கோத்துவிட வேண்டும் என்று அவர் என்னிடம் சொன்னார். அந்த வாக்கியத்தை அவள் வாயில் வைத்திருந்தால் ஸ்டெல்லாவின் பீப்பாய் பிழைத்திருக்கும். அநேகமாக அது உண்மையாகவும் இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு நினைவில்லை என்று அவளே சொன்ன பிறகு, அது என் வாக்கியம்தான், அவளுடையதல்ல. வேண்டாம் என்றேன்.

"இன்னா மனுசன்யா நீ? தோஸ்துக்காவ ஒரு பொய் சொல்ல மாட்டே?"

"மாட்டேன் அக்கா."

"அவரு இருந்தா உன்ன நல்லா கேட்டிருப்பாரு."

கேட்டிருப்பாய். நானும் பதில் சொல்லியிருப்பேன். மீண்டும் அப்படி ஒரு நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன். அதனால் கோபம் தணிந்துவிடவில்லை. திரும்பும் ரயிலில் திருவொற்றியூர் தாண்டும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆணை வந்தது. உன் பேச்சு முற்சான்றாக ஏற்கப்பட்டது: மணலில் பிணைப்பது புதியதல்ல. நுனிகளைக் கோக்கும் வழிக்கு அவர்களுக்கு உரிமை கிடைத்தது. தர்க்கத்தில் பிழை காண முடியவில்லை. மேல்முறையீட்டுக்கும் என்னிடம் புதிய சான்று இல்லை. ஸ்டெல்லாவிடம் சொன்னேன்: மணலைச் செய்யலாம், கோக்கக் கூடாது.

"கோக்காம இருந்தா நாலு கழுவுல கை பேந்துடும் அண்ணா. பேந்த மணல எங்க கொட்டுவேன்? ஈயத்தோட கழிமுகத்துலயேவா?"

அவள் பீப்பாயைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். குப்பத்தில் மறுபடியும் அடிபம்புத் தண்ணீர். மாதங்கள் கழித்து அவள் இந்தக் குப்பியோடு வந்து மேசையில் வைத்தாள்.

"கோக்கறதுக்கு முன்னாடி அவரு இன்னொரு வழி யோசிச்சிருந்தார் அண்ணா. செஞ்சு பாக்கல. ஒரு காலுல நிக்கிற சைலேனுக்குப் பதிலா ரெண்டு கால் வெச்ச சைலேன். ஒரு காலு வழுக்குனாலும் இன்னொண்ணு மணலப் புடிச்சிக்கும். நுனியத் தொடவே வேணாம். செஞ்சேன். கழுவிக்கினே இருக்கேன், இது வரைக்கும் பேந்து வரல."

வழங்கப்பட்ட கோரிக்கையை எடுத்து, சொல் சொல்லாக வாசித்தேன். நுனிகளைக் கோப்பது பற்றி மட்டுமே இருந்தது. அடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழக்கப்படி என் வாயில் வந்தது: "யாரிடமும் சொல்லாதே. விண்ணப்பம் போடலாம்."

"போட்டு?"

"உரிமை உன்னுடையதாக இருக்கும்."

"எனக்கு உரிமை வேணாம். வேற எவனும் பூட்டக் கூடாது. அவ்ளோதான்."

பூட்டாமலிருக்க வழி ஒன்றுதான். முழுவதையும், ஒரு படியும் விடாமல், தேதியோடு ஊரறியச் சொல்லிவிடுவது. இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டு நான் யாருக்கும் தராத அறிவுரை அது. அவளுக்குத் தந்தேன்: எல்லோரிடமும் சொல்.

வருகிற ஆடி ஞாயிறு, அதே கோயிலில், ஸ்டெல்லா பேசப் போகிறாள். இணையத்திலும் எழுத்தாக வெளியிடுகிறோம், ஆனால் குப்பத்தில்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கூழை அவள் பேசி முடித்த பிறகு வெளியே கொண்டுவர முடியுமா என்று கோயிலை நடத்தும் ஊர்ப் பெரியவரான நாட்டாரிடம் கேட்கப் போனேன்.

"ஆத்தாவுக்கு லேட் பண்ண முடியாது சார். நீங்கோ வேணா சீக்கிரம் ஆரம்பிங்கோ."

ரோசம்மாளும் அங்கே இருந்தாள். "கூழு வந்தா நான் எந்திரிச்சிடுவேன், இப்பவே சொல்லிட்டேன். அதுக்குள்ள கேக்க வேண்டியதெல்லாம் நான் கேக்கறேன். நீ போட்டோ புடி நைனா, பேசாத."

ஆகவே விடிந்ததும் பந்தலுக்குப் போய்விடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். மாற்றுப் பேட்டரியும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டெல்லா எங்காவது ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டால், கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து, மீதியைச் சொல் என்று கேட்பேன். உன்னிடம் நான் ஒரு முறையும் கேட்காத கேள்வி அது.